பிரான்ஸில் பத்து நாள், கையில் ஒரு கேமரா: எந்தப் பகுதிக்குப் போவது?

பிரான்ஸுக்கு ஒளிப்படம் எடுப்பதற்கென்றே போக விரும்பும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: விடுப்பு பத்து நாள்தான் கிடைக்கும், அதற்குள் எங்கெல்லாம் போகலாம்? நான்கு முறை அந்த நாட்டுக்குப் போய்வந்த பிறகு, ‘எங்கெல்லாம்’ என்பதை ‘எங்கே’ என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் பதிலாக இருக்கிறது. முதல் பயணத்தில் பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், ஷமொனி, அவிஞோன், நீஸ் என ஐந்து ஊர்களைப் பத்து நாளுக்குள் அடைத்தேன். ஊர் திரும்பிப் படங்களைத் திறந்து பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையில் எடுத்தவையாக இருந்தன. விடியற்காலைகளில் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறேன். மாலைகளில் அடுத்த ஊரின் தங்குமிடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒளி கனிந்திருந்த வேளைகளெல்லாம் வழியிலேயே கழிந்துவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி, அல்லது மிஞ்சினால் அருகருகே இருக்கும் இரண்டு பகுதிகள் என்று வைத்துக்கொண்டேன். அந்த அனுபவத்தைக் கொண்டு பாரிஸ், தெற்கே புரோவான்ஸ், மேற்கே நார்மண்டி-பிரிட்டனி கடற்கரை, கிழக்கே அல்சாஸ் ஆகிய நான்கையும் இங்கே ஒப்பிடுகிறேன். எது அதிக அழகு என்பது இங்கே கேள்வியே அல்ல, நான்கும் அழகானவைதான். நல்ல ஒளி விழும் வேளையில் நாம் அங்கே நிற்க முடியுமா, அந்த வேளையை மாதங்களுக்கு முன்பே கணித்துப் பயணத் தேதியை முடிவுசெய்ய முடியுமா, ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போனாலும் புதிதாக ஏதேனும் கிடைக்குமா என்ற மூன்றைத்தான் அளவுகோலாகக் கொள்கிறேன். இரண்டாவது அளவுகோல் நம்மைப் போன்றவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே விமானச் சீட்டும் தங்குமிடமும் தேதி வாரியாகக் காட்டப்பட வேண்டும். வானிலையைப் பார்த்து வியாழக்கிழமை முடிவெடுத்து வெள்ளிக்கிழமை காரில் ஏறும் ஐரோப்பியருக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லை.

சூரியனும் கடிகாரமும்

பகுதிகளுக்குள் நுழையும் முன் சூரியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் ஏறக்குறைய 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சென்னை 13 டிகிரியில். சென்னையில் மார்கழி மாதத்து நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாளில் பாரிஸில் அது 18 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. நாம் காலை ஏழு மணிக்கு மட்டுமே பார்த்துப் பழகிய சாய்வான ஒளி, நீண்ட நிழல், சுவர்களில் படரும் மஞ்சள் எல்லாம் அங்கே குளிர்காலத்தில், மேகம் விலகினால், நாள் முழுவதும் கிடைக்கும் என்பது இதன் பொருள்.

அடுத்தது கடிகாரம். கிரீன்விச் தீர்க்கரேகை நார்மண்டிக் கடற்கரையில் வில்லே-சுர்-மேர் என்ற ஊரின் வழியாகவே பிரான்ஸுக்குள் நுழைகிறது. அப்படியிருந்தும் அந்த நாடு இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து மத்திய ஐரோப்பிய நேரத்தையே பின்பற்றிவருகிறது. கோடையில் கடிகாரம் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படுகிறது. ஆகவே பாரிஸில் ஜூன் மாதம் சூரியன் மறைவதற்கு இரவு பத்து மணி ஆகிவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குள் உதித்தும் விடும். இரண்டையும் படமெடுக்க நினைப்பவர் நான்கைந்து மணி நேரத் தூக்கத்தோடு பத்து நாளையும் ஓட்ட வேண்டும். டிசம்பரில் உதயம் எட்டே முக்காலை ஒட்டியும் மறைவு மாலை ஐந்துக்குச் சற்று முன்பும் நிகழும். நிதானமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு விடியலைப் படமெடுக்கப் புறப்படலாம். செப்டம்பர் இறுதி இரண்டுக்கும் நடுவில், மனிதர் தாங்கக்கூடிய நேரங்களோடு நிற்கிறது. இந்த ஒரு செய்தியே என் பிற்காலப் பயணங்களின் மாதங்களைத் தீர்மானித்தது.

பாரிஸ்

பாரிஸை நான் குளிர்காலத்துக்கான நகரமாகவே பரிந்துரைப்பேன். நகரத்தைத் திருத்தியமைத்த ஆட்சியாளர் ஓஸ்மான் பொறுப்பில் இருந்த 1853 முதல் 1870 வரையிலான ஆண்டுகளில் அகலப்படுத்தப்பட்ட சாலைகளும், வெளிர்மஞ்சள் சுண்ணக்கல் கட்டடங்களும், அவற்றின் மேல் சாம்பல்நிறத் துத்தநாகக் கூரைகளும் சேர்ந்துதான் அந்த நகரத்தின் நிறம் என்று நாம் உணர்வதை உண்டாக்குகின்றன. அந்தக் கூரைகளை வேயும் கைத்திறனை யுனெஸ்கோ 2024இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மேகமூட்டமான நாளில் கூரையின் சாம்பலும் வானத்தின் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்து, நடுவே ஒரு சன்னலின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும்போது, அந்த நகரம் தன் இயல்பில் இருப்பதாக எனக்குத் தோன்றும். மழை பெய்து ஓய்ந்த கல்பாவிய தெருக்கள் விளக்கொளியை இரண்டாக்கித் தருகின்றன. கோடை நண்பகலில் அதே தெருக்கள் வெளுத்துப்போய், கூட்டத்தின் பின்னணியாக மட்டுமே நிற்கின்றன.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கும் பாரிஸ் ஏற்றது. பீர்-ஹக்கேம் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோவின் ஆறாவது தடம் ஓடுகிறது. கீழே தூண்களுக்கு நடுவே நடைபாதை நீள்கிறது. அங்கே நான்கு காலைகள் போயிருக்கிறேன். நான்கும் வெவ்வேறு படங்கள். செயிந்த்-ஷப்பெல் தேவாலயம் 1248இல் புனிதப்படுத்தப்பட்டது. அதன் பதினைந்து வண்ணக்கண்ணாடிச் சன்னல்களும் கூரைவரை எழும் உயரத்தவை. வெயில் உள்ள நாளில் எந்தச் சன்னல் எரியும் என்பது மணிக்கு மணி மாறும். கார் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், இரவில் கால்நடையாகவே திரும்பிவிடலாம் என்ற வசதி தனியாகப் பயணம் செய்பவருக்குச் சாதாரணமானதல்ல.

தமிழர்களுக்கு பாரிஸில் இன்னொரு காரணமும் உண்டு. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த தெருக்கள் இருக்கின்றன. மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த்திருவிழா ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அந்தத் தெருக்கள் வழியாகவே நடைபெறுகிறது. சிதறுதேங்காய் உடைத்த வாசம் ஓஸ்மான் காலத்துக் கட்டடங்களின் நிழலில் எழும் அந்தக் காட்சியை, அதன் பொருள் தெரிந்தவர் எடுக்கும் படமும் தெரியாதவர் எடுக்கும் படமும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகஸ்ட் இறுதியில் போக நேர்பவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடக் கூடாது.

தெருவில் மனிதர்களைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொது இடத்தில் படமெடுப்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு தனிவாழ்வுக்கான உரிமையைக் காக்கிறது. அடையாளம் தெரியும் முகத்தை, குறிப்பாக விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ, அவர் இசைவின்றி வெளியிடுவது சிக்கலில் முடியலாம். ஈஃபெல் கோபுரத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. ஈஃபெல் 1923இலேயே மறைந்துவிட்டார். ஆனால் அதன் இரவு விளக்கமைப்பு தனிப்படைப்பாகக் கருதப்படுவதால், இரவுப் படத்தை வணிக நோக்கில் வெளியிட முன் அனுமதி வேண்டும். நம் சொந்த ஆல்பத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பாரிஸின் மேல் டிரோன் பறக்கவிடுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

இத்தனை இருந்தும் ஒளிப்படத்துக்கென்றே போகும் முதல் பயணத்தின் பத்து நாளையும் பாரிஸுக்குக் கொடுக்க நான் தயங்குவேன். அது உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட நகரங்களுள் ஒன்று. ஒளிப்படக் கலையின் முன்னோடியான தகேர் 1838இல் தன் சன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ள் சாலையைப் படமாக்கிய நாளிலிருந்து அந்தத் தெருக்களைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு முன் நிற்கும் காட்சியைவிட, ஏற்கனவே பார்த்த படங்கள்தான் முதல் சில நாள்கள் கையை இயக்குகின்றன. அதிலிருந்து விடுபடுவதற்கே ஒரு வாரம் எனக்குத் தேவைப்பட்டது.

புரோவான்ஸ்

புரோவான்ஸுக்குப் போகும் பெரும்பாலோரை இழுப்பது லாவண்டர் வயல்தான். அதில்தான் நம் இரண்டாவது அளவுகோல் அடிவாங்குகிறது. வலான்சோல் பீடபூமியில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை பூக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எந்த வாரம் உச்சம், எந்த நாளில் அறுவடை என்பதை அந்த ஆண்டின் மழையும் வெயிலுமே தீர்மானிக்கின்றன. நான் ஜூலை 18ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தபோது கண்ணுக்கெட்டிய வயல்களில் பெரும்பகுதி அறுக்கப்பட்டு, சாம்பல்பச்சை நிறத்தில் மொட்டையான வரிசைகள் மட்டுமே இருந்தன. எண்ணெய் வடிக்கும் ஆலைகளிலிருந்து வந்த மணம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் தேதியைத் தீர்மானித்துவிட்டவனுக்கு அந்த வயல்களின் முன் நிற்பது உண்மையான துக்கமாகவே இருந்தது.

அங்கே ஒரு விவசாயிதான் மேலே சோ பக்கம் போகச் சொன்னார். வான்தூ மலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் பூக்காலம் பின்னால் வருகிறது. ஆகஸ்ட் தொடக்கம்வரைகூட நீடிக்கும். வலான்சோலில் விளைவதில் பெரும்பகுதி லாவண்டின் என்னும் கலப்பினம். உயரமான, சீரான, அடர்ந்த வரிசைகளாக வளரும், அதுதான் அஞ்சலட்டைகளில் நாம் பார்ப்பது. சோவில் உண்மையான லாவண்டரும் கணிசமாகப் பயிராகிறது. செடி சிறியது, வரிசை அவ்வளவு நேர்த்தியாக இராது, ஆனால் பக்கத்திலேயே கோதுமையின் பொன்னிறமும் மலைச்சரிவின் கருநீலமும் சேரும்போது எனக்கு அது மேலாகப்பட்டது. ஆகவே ஜூலை பாதிக்குப் பின் போகிறவர்கள் வலான்சோலில் தங்குமிடம் எடுப்பதைவிடச் சோவை ஒட்டி எடுப்பது பாதுகாப்பானது.

படமெடுப்பதைப் பற்றி இரண்டு செய்திகள். லாவண்டரின் ஊதாவைப் பல கேமராக்கள் நீலமாகவே பதிவுசெய்கின்றன. தானியங்கி வெள்ளைச் சமநிலையை நம்பாமல், மூலக்கோப்பாக (RAW) எடுத்துப் பின்னர் திருத்திக்கொள்வது நல்லது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால் வயல் தட்டையாகிவிடும். எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொரு கதிரின் விளிம்பிலும் ஒளி தங்கும். கோர்த் அருகே 1148இல் நிறுவப்பட்ட செனாங்க் மடாலயம் குறுகிய பள்ளத்தாக்குக்குள் அமைந்திருப்பதால், விடியற்காலையிலேயே ஓடிப்போவதில் பயனில்லை; முன்னால் இருக்கும் வயலுக்கு வெயில் இறங்கச் சற்று நேரமாகும். அங்கே இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று எடுப்பதுதான் முறை.

லாவண்டரை மறந்துவிட்டுப் பார்த்தால் புரோவான்ஸ் இன்னும் வலுவாகத் தெரிகிறது என்பதை வலியுறுத்திச் சொல்வேன். ருசியோனின் காவிமண் பாறைகள் மாலையில் செம்மஞ்சளிலிருந்து இரத்தச் சிவப்புவரை போகின்றன. கமார்க் சதுப்பில் பூநாரைகளும் வெள்ளைக் குதிரைகளும் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கின்றன. ரோன் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து பாயும் மிஸ்த்ரால் காற்று வானத்தின் தூசியையும் ஈரத்தையும் துடைத்துவிட்டுப் போகும். அடுத்த நாள் தொலைவு லென்ஸில் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முகடும் கத்திமுனைபோலத் தெரியும். வான்கோ 1888 பிப்ரவரியில் ஆர்ல் நகரத்துக்கு வந்து பதினைந்து மாதங்கள் தங்கியது இந்த ஒளிக்காகத்தான். அந்தக் காற்று வீசும்போது முக்காலியை நம்ப முடியாது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு. பையை முக்காலியின் நடுவில் தொங்கவிட்டும் என் படங்கள் நடுங்கின. கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து முழங்காலில் கேமராவை ஊன்றி எடுத்தேன்.

ஆர்ல் நகரத்தின் ஒளிப்படத் திருவிழா 1970இல் லூசியேன் கிளர்க் உள்ளிட்ட மூவரால் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கோடை முழுதும் நடக்கிறது. பழைய தேவாலயங்களிலும் கைவிடப்பட்ட கூடங்களிலும் மாட்டப்பட்ட படங்களை இரண்டு நாள் சுற்றிப் பார்த்ததில், அடுத்த வாரம் நான் எடுத்த படங்களே மாறிப்போயின. நண்பகலின் கொடும் வெயிலில் வெளியே எடுக்க ஒன்றும் இருக்காது. அந்த நேரத்துக்கு இதைவிட நல்ல பயன் வேறு இல்லை. கோடையில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மார்செய் பக்கத்து கலாங்க் முதலான காட்டுப்பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர்வரை தீ அபாயத்தைப் பொறுத்துத் தினமும் நுழைவு கட்டுப்படுத்தப்படுகிறது. முந்தைய நாள் மாலையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். மேலும் புரோவான்ஸில் கார் இல்லாமல் ஊர்களுக்கு வெளியே எதுவும் நடக்காது. பாரிஸிலிருந்து அவிஞோனுக்கு டிஜிவி என்னும் அதிவேக ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்கப்பால் விடியலுக்கு ஒரு வயலுக்குப் போகப் பேருந்து கிடையாது.

மேற்குக் கடற்கரை

நார்மண்டி-பிரிட்டனி கடற்கரையைப் பற்றி எழுதும்போது நடுநிலையாக இருப்பது எனக்குக் கடினம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே ஒரே இடம் ஆறு மணி நேரத்தில் வேறொரு இடமாக மாறிவிடுகிறது, அந்த மாற்றத்தின் நேரம் ஓராண்டுக்கு முன்பே அச்சிட்டுக் கிடைக்கிறது.

உச்சியில் மடாலயத்தோடு நிற்கும் மோன்-சேன்-மிஷேல் குன்றைச் சூழ்ந்த விரிகுடாவில் கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையேயான உயர வேறுபாடு அதிகபட்சம் பதினான்கு, பதினைந்து மீட்டர்வரை போகும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று இது. நம் மெரினாவில் அந்த வேறுபாடு ஒன்றரை மீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதால், ஐந்துமாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கடல் ஏறி இறங்கும் என்பதை நேரில் பார்க்கும்வரை என்னால் மனத்தில் உருவகிக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20இலிருந்து 120வரை ஓர் எண்ணைக் கொடுத்து அதன் வலிமையைக் குறிக்கிறார்கள். அந்த எண் 110ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும் நாள்களில்தான் கடல் குன்றைச் சுற்றிவளைத்து அதைச் சில மணித்துளிகளுக்கு மெய்யான தீவாக்குகிறது. மற்ற பெரும்பாலான நாள்களில் அங்கே போகிறவர் மணலின் நடுவே நிற்கும் ஒரு குன்றைத்தான் பார்ப்பார். அதுவும் நல்ல படம்தான். ஆனால் நினைத்து வந்தது அதுவல்ல என்ற ஏமாற்றத்தோடு திரும்பிய பலரைக் கண்டிருக்கிறேன்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பெரிய ஏற்றம் வரும். இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வருபவை ஆண்டிலேயே மிகப் பெரியவை. இதில் ஒளிப்படக்காரருக்கு ஒரு பெரிய கொடை மறைந்திருக்கிறது. ஓர் இடத்தில் பெரிய ஏற்றங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அந்த விரிகுடாவில் செப்டம்பரில் அது காலையிலும் மாலையிலும் எட்டு, ஒன்பது மணியை ஒட்டியே அமைகிறது. செப்டம்பர் இறுதியில் அங்கே சூரியன் உதிப்பதும் எட்டு மணியளவில், மறைவதும் எட்டு மணியளவில். அதாவது தண்ணீர் குன்றைச் சூழும் நேரமும் வானம் நிறம் மாறும் நேரமும் ஒன்றையொன்று தேடி வருகின்றன. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு நீர் முழுவதும் வற்றி, மைல்கணக்கில் ஈரமணல் வானத்தைப் பிரதிபலித்துக்கொண்டு கிடக்கும். இதைப் பயணத்துக்கு முன் அட்டவணையில் பார்த்தபோதே, செப்டம்பர்தான் என்று முடிவுசெய்துவிட்டேன்.

குன்றுக்கு அருகே மூன்று இரவுகள் தங்கினேன். முதல் மாலை மேகம் மூடிவிட்டது. மறுநாள் காலை மூடுபனியில் குன்றின் அடிப்பாகம் முழுவதும் மறைந்து, 1897இல் சிற்பி ஃப்ரெமியே வடித்த, உச்சியில் நிற்கும் பொன்முலாம் பூசிய தேவதூதர் மிக்கேல் சிலை மட்டும் பனிக்கு மேலே மின்னியது. மூன்றாம் நாள் கூயேனோன் ஆற்றின் அணையருகே நின்றிருந்தபோது, நீர் வருவதற்கு முன்னால் அதன் ஓசை வந்தது. தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாகத் தொடங்கி, ஆற்றின் போக்குக்கு எதிராக ஏறி, கண்முன்னே மணல்திட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. அந்த அணை ஏற்றத்தில் புகும் நீரைத் தேக்கி, வற்றத்தின்போது திறந்துவிட்டு, படிந்த மண்ணைக் கடலுக்குத் தள்ளுவதற்காகக் கட்டப்பட்டது. பழைய மண்பாதையை அகற்றி, 2014இல் தூண்களின் மேல் ஒரு மெல்லிய பாலத்தைத் திறந்ததற்கும் நோக்கம் அதுதான்: குன்று மறுபடியும் கடலுக்குச் சொந்தமாக வேண்டும். வண்டிகள் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தப்படுகின்றன. நடந்தே போகும்போது குன்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதைப் படமெடுத்துக்கொண்டே போகலாம். மணலில் தனியாக இறங்கக் கூடாது. புதைமணலும் விரைவாக ஏறும் நீரும் உண்டு. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போகலாம்.

இந்தக் கடற்கரையின் மற்ற இடங்களும் இதே இயல்புடையவை. எத்ரெதாவின் வெள்ளைச் சுண்ணப்பாறை வளைவுகள், மேகம் விலகும் அரைமணி நேரத்தில் சாம்பலிலிருந்து பாலாடை நிறத்துக்கு வந்துவிடுகின்றன; விளிம்புகள் சரியக்கூடியவை என்பதால் வேலியைத் தாண்டிப் போகக் கூடாது. சேன்-மாலோவின் கோட்டைமதிலின் முன் ஆயிரக்கணக்கான மரத்தண்டுகள் அலைதடுப்பாக நட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய ஏற்றத்தின்போது காற்றும் சேர்ந்தால் அலை மதில்மேல் ஏறித் தெறிக்கும், லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வற்றத்தில் நடந்துபோகக்கூடிய கிராண்ட் பே தீவில் எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை இருக்கிறது. ஏற்ற நேரம் தெரியாமல் போனால் ஆறு மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். ப்ளுமனாக்கின் இளஞ்சிவப்புக் கருங்கற்களும் அதே கல்லால் கட்டிய சிறு கலங்கரைவிளக்கமும் மாலை வெயிலுக்கென்றே படைக்கப்பட்டவைபோல இருக்கும்.

ஒரே பொருளை வேளைக்கு வேளை பார்ப்பது என்ற பழக்கத்துக்கு இந்த மண்ணில் வேர் உண்டு. ஓவியர் மொனே 1892, 1893ஆம் ஆண்டுகளில் ரூவான் பேராலயத்தின் எதிரில் அறை எடுத்துத் தங்கி, அதன் ஒரே முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக்கினார். அவற்றில் ஐந்து பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடற்கரைக்குப் புறப்படும் முன் அவற்றின் எதிரில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

குறைகளை மறைக்கவில்லை. மழை எந்த நேரமும் வரும். முழுநாளும் மேகம் கவிந்த நாள்கள் பத்தில் மூன்றாவது எனக்கு அமைந்தன. கார் இல்லாவிட்டால் எத்ரெதாவும் ப்ளுமனாக்கும் தொல்லைதான். இலேசான மழையங்கியும், லென்ஸ் துடைக்கும் துணி நான்கைந்தும், பாறைகளில் வழுக்காத காலணியும் இல்லாமல் போகக் கூடாது. ஆனால் புரோவான்ஸில் பூ தவறினால் எல்லாமே தவறிவிட்டதுபோல் தோன்றும். இங்கே மேகமும் மழையும் காட்சியின் பகுதியாகிவிடுகின்றன. நான் மிக விரும்பும் படம், மழைத்திரை ஒன்று விரிகுடாவைக் கடந்துபோகும்போது எடுத்தது.

அல்சாஸும் ஆல்ப்ஸும்

அல்சாஸைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது எளிது. பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு டிஜிவி ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து கோல்மாருக்கு அரைமணி. மரச்சட்டங்களுக்கு நடுவே மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பூசிய வீடுகள், கால்வாய், 142 மீட்டர் உயரக் கோபுரத்தோடு செந்நிற மணற்கல் பேராலயம், மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். அக்டோபரில் திராட்சை இலை பழுக்கும் காலமும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் காலமும் சிறந்தவை. வோஜ் மலை மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் கோல்மார் பிரான்ஸிலேயே மிகக் குறைவாக மழைபெறும் ஊர்களில் ஒன்று. அந்த வகையில் தேதியைத் துணிந்து முடிவுசெய்யலாம். இருந்தாலும் மூன்று நாளில் என் கண் நிறைந்துவிட்டது. வீடுகள் அழகாகவே இருந்தன, ஆனால் நான்காம் நாளும் அதே அழகோடுதான் இருந்தன. குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போகிறவர்களுக்கு இதையே முதலாவதாகச் சொல்வேன்.

ஷமொனியில் எகுய் து மிடி சிகரத்தின் 3,842 மீட்டர் உயரத்துக்குக் கம்பிவட ஊர்தி இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. எதிரே மோன் பிளாங்க். மேகம் மூடினால் கையெதிரே கம்பிவேலி மட்டும்தான் தெரியும். எனக்கு இரண்டு நாளும் அதுதான் தெரிந்தது. முன்கூட்டித் தேதியை நிர்ணயிக்க வேண்டியவர்கள் ஆல்ப்ஸை ஒரு பயணத்தின் முழு நோக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவெடுக்கும்போது

கார் ஓட்டாதவர், தனியாகப் போகிறவர், அல்லது டிசம்பர்-ஜனவரியில் மட்டுமே விடுப்புக் கிடைப்பவர் பாரிஸில் ஏழு நாளும் அல்சாஸில் மூன்று நாளும் கழிக்கலாம். குறைந்த அலைச்சலில் நிறைந்த பயன் இதுதான். பள்ளி விடுமுறையால் மே இறுதியிலேயே போயாக வேண்டியவர்கள் லாவண்டர் ஆசையை விட்டுவிட்டு, கமார்க், ருசியோன், ஆர்ல் ஆகியவற்றுக்காகப் புரோவான்ஸுக்குப் போகலாம். ஜூலை முதல் வாரம் உறுதியாகக் கிடைப்பவர்கள் மட்டும் லாவண்டரை நம்பிப் போகலாம். பூவும் கிடைக்கும், ஆர்ல் திருவிழாவின் தொடக்க வாரமும் கிடைக்கும். ஒளிப்படக் கலையின் பிறப்பிடத்தைக் காண விரும்பினால், வழியில் ஷலோன்-சுர்-சோன் நகரில் இறங்கி நியெப்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய கேமராப் படத்தை நியெப்ஸ் 1826-27இல் எடுத்தது அந்த ஊருக்கு அருகில்தான்.

தேதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு என் பதில் மேற்குக் கடற்கரை, செப்டம்பர் பிற்பாதி. தேதியை இப்படிக் குறிக்கலாம். வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் செப்டம்பர் 23ஐ ஒட்டி வரும் அமாவாசையையும் பௌர்ணமியையும் பாருங்கள். பிறகு, பிரெஞ்சுக் கடற்படையின் நீரளவியல் அமைப்பான ஷோம் வெளியிடும் ஏற்ற அட்டவணையில், இரண்டில் எதற்குப் பின் 110ஐத் தாண்டிய எண் இருக்கிறது என்று சரிபாருங்கள். அந்தப் பெரிய எண் உள்ள நாளைப் பயணத்தின் ஆறாம் நாளாக வையுங்கள். முதல் இரண்டு இரவுகள் பாரிஸில். அடுத்த இரண்டு ரூவானும் எத்ரெதாவும். பிறகு மூன்று இரவுகள் குன்றின் அருகே, ஒரு மாலை மேகம் மூடினாலும் வேறு இரண்டு மிஞ்சும்படி. கடைசி இரண்டு இரவுகள் சேன்-மாலோவிலும் ப்ளுமனாக்கிலும். பத்தாம் நாள் ரென் நகரில் காரை ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாரிஸ் வந்துவிடும். குன்றின் அருகேயுள்ள தங்குமிடங்கள் பெரிய ஏற்ற நாள்களுக்கு முன்னதாகவே நிரம்பிவிடும் என்பதால், விமானச் சீட்டுக்கும் முன்னால் அந்த மூன்று இரவுகளைப் பதிவுசெய்துவிடுங்கள்.